ரெண்டாவது பஸ்ல வந்த பிள்ளைங்க: ஒரு கல்லூரி களப்பயணத்தோட நிகழ்வு ஆய்வு

நான் கொங்கு பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல ஈஈஈ, அதாவது எலக்ட்ரிக்கல் டிபார்ட்மெண்ட்ல வாத்தியாரா இருக்கேன். காலேஜ் பேரு வேண்டாம், கீழ எழுதப்போற சொதப்பல்ல பாதி காலேஜ் பண்ணது, மீதி நானே பண்ணது. அரசுப்பள்ளி பிள்ளைங்கள காலேஜுக்கு கூட்டிட்டு வந்து டெக்னாலஜி படிப்புன்னா என்ன, படிச்சா என்ன வேலைன்னு காட்டுற ஒருநாள் நிகழ்ச்சிய ரெண்டு வருஷம் நான்தான் பொறுப்பெடுத்து நடத்துனேன், முதல் வருஷம் என்ன ஆச்சு, அடுத்த வருஷம் எத மாத்துனோம், அதுல எது தேறுச்சு எது தேறலங்கறத எழுதி வைக்கலாம்னுதான் இது.

பின்னணிய சட்டுனு சொல்லிடறேன். தமிழ்நாட்டுல பிஇ சேர நுழைவுத்தேர்வு 2006-07 வாக்குலயே போயிடுச்சு, அதுக்கப்புறம் ப்ளஸ் டூ மார்க்குதான் எல்லாமே. கணக்குக்கு 100, ஃபிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, ஆக 200க்கு ஒரு கட்-ஆஃப். கவுன்சிலிங் முன்னாடி அண்ணா யுனிவர்சிட்டில நடந்துச்சு, 2018ல ஆன்லைனுக்கு மாறுச்சு, 2019ல இருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துது. அரசுப்பள்ளி பிள்ளைங்க தொழிற்படிப்புல ரொம்ப கம்மியா இருக்காங்கன்னு நீதிபதி முருகேசன் ஆணையம் போட்டு, அது சொன்னத வச்சு 2021ல 7.5% உள் ஒதுக்கீடு கொண்டுவந்தாங்க, ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப்பள்ளில படிச்சிருக்கணும். அந்த ஒதுக்கீட்டுல வர்றவங்களுக்கு படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூணும் அரசாங்கமே கட்டிடும்னு அதே வருஷம் செப்டம்பர்ல அறிவிப்பு வந்துச்சு. 2022 மார்ச் 1ஆம் தேதி நான் முதல்வன் திட்டம் தொடங்குனாங்க, அதுக்குக் கீழதான் ப்ளஸ் டூ பிள்ளைங்கள பக்கத்து காலேஜுக்கு ஒருநாள் களப்பயணமா அனுப்பறது.

அதாவது சீட்டு இருக்கு, ஃபீஸும் இல்ல. அப்ப பிள்ளைங்களுக்கு ஆர்வத்த மட்டும் கெளப்பிவிட்டா போதும்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம்.

முதல் வருஷம்

2022-23 கல்வியாண்டு, பரீட்சைக்கு ரெண்டு மாசம் முன்னாடி. பக்கத்து ஊர் மேல்நிலைப்பள்ளில இருந்து ரெண்டு பஸ்ஸு, மொத்தம் நூறு பேர் பக்கம் இருப்பாங்க. காலைல டீ பிஸ்கட், அப்புறம் ஆடிட்டோரியம், குத்துவிளக்கு, பொன்னாடை, முதல்வர் உரை. அதுக்கப்புறம் ஒரு சீனியர் புரொஃபசர் முக்கா மணி நேரம் இண்டஸ்ட்ரி 4.0ன்னு ஒரு பிபிடி ஓட்டுனாரு, அத்தனையும் இங்கிலீஷ்ல, தமிழ் மீடியம் பிள்ளைங்க முன்னாடி. மூணாவது வரிசைல ஒரு பையன் ஸ்லைடுல இருந்தத அப்படியே நோட்டுல எழுதிட்டே இருந்தான், பரீட்சைக்கு வரும்னு நெனச்சிட்டான் போல.

அப்புறம் ட்ரோன். ட்ரோன் பறக்கவிடாம எங்க ஊர்ல ஒரு காலேஜ் விழாவும் முடியறதில்ல. கிரவுண்டுல விர்ர்ருன்னு ஏறுச்சு, எல்லாரும் கைதட்டுனாங்க, எறங்குச்சு, பேட்டரி தீந்துருச்சு. 3டி பிரிண்டர்ல ஒரு குட்டிப் பிள்ளையாரு பாதி வரைக்கும் வந்து நின்னாரு. மத்தியானம் ஹாஸ்டல் மெஸ்ல சாப்பாடு, அது நல்லா இருந்துச்சு, அத குறை சொல்ல மாட்டேன்.

மூணு மணிக்கு கேள்வி நேரம். வழக்கம்போல யாரும் கேக்கல, டீச்சர் ஒருத்தங்க 'ஏதாவது கேளுங்கடா'ன்னு அதட்டுனதுக்கு அப்புறம் பின்னாடி வரிசைல ஒரு பொண்ணு எந்திரிச்சுச்சு.

'சார், நாங்க ரெண்டாவது பஸ்ல வந்தவங்கங்க. எல்லாரும் அக்கவுண்டன்ஸி குரூப்புங்க. காலைல இருந்து நீங்க சொன்னதுல எங்களுக்கு எதுங்க சார் கிடைக்கும்?'

மேடைல அஞ்சு பேர் உக்காந்திருந்தோம். பிஇ சேர கணக்கு, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி வேணும், இவங்க படிக்கறது காமர்ஸ், எக்கனாமிக்ஸ், அக்கவுண்டன்ஸி, பாதிப் பேரோட கதவு பதினொன்னாவது சேரும்போதே சாத்தியாச்சு, அவங்களத்தான் பஸ் வச்சு கூட்டிட்டு வந்து ஒரு முழு நாள் கதவ வெளிய இருந்து காட்டியிருக்கோம். ஒருத்தர் மைக்க வாங்கி 'பிபிஏ இருக்கு, எம்பிஏ இருக்கு, வாய்ப்புகள் ஏராளம்'னு ஏதோ சொன்னாரு. அந்தப் பொண்ணு 'சரிங்க சார்'னு உக்காந்துருச்சு. போறப்ப எல்லாருக்கும் ஒரு பை குடுத்தோம், உள்ள காலேஜ் பிராஸ்பெக்டஸ், அட்மிஷன் போன் நம்பரோட.

எங்க தப்பாச்சு

அன்னிக்கு நைட்டு தூக்கம் வரல, ரொம்ப நாள் கழிச்சுதான் ஒரு ஸ்டாஃப் மீட்டிங்ல இத எடுத்துப் பேசுனேன். ஸ்கூல் மேல பழி போடறது ஈசி, ஆனா நாங்க அனுப்புன லெட்டர்ல 'ப்ளஸ் டூ மாணவர்கள் 100 பேர்'னுதான் இருந்துச்சு, எந்த குரூப்புன்னு ஒரு வார்த்தை இல்ல. அவங்களுக்கு எண்ணிக்கை காட்டணும், எங்களுக்கும் எண்ணிக்கை காட்டணும், ஃபோட்டோல ஆடிட்டோரியம் நெறஞ்சு தெரியணும். இன்னொன்னும் சொல்லிடணும், தனியார் காலேஜ் வாத்தியாருக்கு மே மாசம்னா அட்மிஷன் மாசம், ஊர் ஊரா போயி ஆள் சேக்கச் சொல்வாங்க, அந்தப் புத்திதான் இங்கயும் வேலை செஞ்சிருக்கு. படிப்ப அறிமுகப்படுத்தறேன்னு எங்க காலேஜத்தான் அறிமுகப்படுத்திட்டு இருந்தோம்.

அதவிடப் பெரிய விஷயம் நேரம். பத்தாவது ரிசல்ட் வந்த ஒரு வாரம் பத்து நாள்ல குரூப்பு முடிவாயிடுது, அதுவும் பாதி இடத்துல பிள்ளை எடுக்கற முடிவே கிடையாது, மார்க் அதிகமா இருந்தா ஃபர்ஸ்ட் குரூப், கொறஞ்சா தேர்ட் குரூப்புன்னு ஸ்கூலே பிரிச்சு விட்டுடும், இல்லன்னா 'கணக்கு கஷ்டம்டா'ன்னு அண்ணங்காரன் சொன்னது. சில ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பே இருக்காது. அப்ப டெக்னாலஜி படிப்பப் பத்திப் பேசறதுக்கு சரியான வயசு ஒம்போதாவது பத்தாவதுதான், ப்ளஸ் டூவுல வந்து பேசறது பந்தி முடிஞ்சு எலை போடற மாதிரி.

ஃபர்ஸ்ட் குரூப் பிள்ளைங்க கதையும் ஒன்னும் பிரமாதம் இல்ல. அந்த பஸ்ஸுல வந்த பத்துப் பதினஞ்சு பேர்கிட்ட அப்புறமா போன்ல பேசுனேன், கட்-ஆஃப் எப்படி கணக்குப் போடறதுன்னு ஒழுங்கா தெரிஞ்சது ரெண்டு பேருக்கு. ஒரு பையன் ஆறு பாடத்தையும் கூட்டி மூணால வகுக்கணும்னு நெனச்சிட்டு இருந்தான். ஈசிஇக்கும் (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) ஈஈஈக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, நல்ல கேள்வி, நாங்க காலைல ஆறு டிபார்ட்மெண்ட் காட்டுனோம், ஆறுலயும் ஒரே மாதிரி கம்ப்யூட்டரும் ஏசியும்தான் இருந்துச்சு.

ரெண்டாவது வருஷம்: ஒரு பழைய மிக்ஸி

அடுத்த தடவ மூணு விஷயம் மாத்துனோம். ட்ரோன கழட்டி விட்டோம், அதுக்கு மட்டும் மேனேஜ்மெண்ட்கிட்ட தனியா போராட வேண்டியிருந்துச்சு. பேச்ச அரை மணி நேரமா கொறச்சு தமிழ்ல வச்சோம். ஸ்கூல்கிட்ட ஒரு பஸ் ப்ளஸ் டூ, ஒரு பஸ் ஒம்போதாவது பத்தாவது, முடிஞ்சா அம்மா அப்பா கொஞ்சப் பேருன்னு கேட்டோம். எட்மாஸ்டர் முதல்ல யோசிச்சாரு, சர்க்குலர்ல அப்டி இல்லன்னாரு, அப்புறம் எப்படியோ ஒத்துக்கிட்டாரு.

லேப்ல அஞ்சு டேபிள் போட்டு டேபிளுக்கு ஒரு பழைய மிக்ஸி வச்சோம், ஸ்டாஃப் வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்ததுதான், ஸ்க்ரூ டிரைவர் குடுத்து 'கழட்டுங்க'ன்னு சொன்னோம். அவ்வளவுதான் பிளான். ஜாருக்கு அடியில இருக்கற கப்ளர், பேரிங், பிளேடு ஆங்கிள் எல்லாம் மெக்கானிக்கல்காரன் வேலை. மோட்டாரு, காயிலு, கார்பன் பிரஷ் எங்க ஈஈஈ. ஸ்பீட் கண்ட்ரோல் எலக்ட்ரானிக்ஸ்ல வந்தா ஈசிஇ. மேல இருக்கற பிளாஸ்டிக் எந்த சூட்டுல உருகும்னு பாக்கறது பாலிமர் படிச்சவங்க. ஒரு நாளைக்கு ஆயிரம் மிக்ஸி எந்த லைன்ல எந்த வரிசைல பூட்டணும்னு யோசிக்கறது புரொடக்ஷன். கோயமுத்தூர் சுத்துவட்டாரத்துல கிரைண்டர், மிக்ஸி, பம்ப்செட் கம்பெனி எத்தன இருக்குன்னு இவங்களுக்கே தெரியும், பாதிப் பேரோட மாமனோ சித்தப்பனோ அங்கதான் வேலை பாக்கறாங்க, ஆனா அங்க டிசைன் பண்றவன் என்ன படிச்சிருப்பான், டெஸ்டிங்ல நிக்கற பொண்ணு டிப்ளமாவா பிஇயான்னு யாரும் யோசிச்சதில்ல.

மூணாவது டேபிள்ல நடந்தத மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும். ஒம்போதாவது படிக்கற ஒரு பையன், அப்பா அம்மா ரெண்டு பேரும் தறி ஓட்டறவங்க. மோட்டார வெளிய எடுத்து நான் கார்பன் பிரஷ்ஷ காட்டி, 'இது வழியாத்தான் சுத்தற பாகத்துக்கு கரண்ட் போகுது'ன்னு சொல்லிட்டு இருந்தேன். அவன் குனிஞ்சு பாத்துட்டு,

'எங்க தறி மோட்டாருல கார்பனே இருக்காதுங்களே சார்?'ன்னான்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. இது யுனிவர்சல் மோட்டார், அவங்க வீட்டுல ஓடறது இண்டக்ஷன் மோட்டார், எங்க பிஇ ரெண்டாவது வருஷப் பிள்ளைங்ககிட்ட வைவால கேட்டாலும் பாதிப் பேரு முழிப்பாங்க. 'அப்ப உங்க தறில சுத்தற பாகத்துக்கு கரண்ட் எப்படிடா போகுது?'ன்னு கேட்டேன், 'அதாங்க எனக்கும் தெரியல'ன்னான். போர்டுக்கு கூட்டிட்டுப் போயி, வெளிய இருக்கற காயில்ல போற கரண்டு ஒரு காந்தப்புலத்த சுத்த விடும், அந்த சுத்தற புலம் உள்ள இருக்கற ரோட்டார்ல தானாவே கரண்ட உண்டாக்கி அதையும் பின்னாடியே இழுத்துட்டுப் போகும், தொட வேண்டிய அவசியமே இல்லன்னு சொன்னேன். மோட்டார் மேல ஒட்டியிருக்கற தகட்டுல என்ன நம்பர் இருக்கும்னு கேட்டேன், யோசிக்காம '1440'ன்னான். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், நாலு போல், அதாவது நாலு காந்தமுனை இருக்கற மோட்டார்னா புலம் நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்தும், ரோட்டாரு 1440தான் சுத்தும், அந்த 60 எங்க போச்சுன்னு கேட்டேன். டேபிள்ல இருந்த மத்த பிள்ளைங்களும் வந்துட்டாங்க. ஒருத்தி 'உராய்வுங்களா சார்'னா, கிட்டத்தட்டன்னு சொன்னேன், ரோட்டாரும் அதே 1500ல சுத்துனா புலத்துக்கும் அதுக்கும் நடுவுல வித்தியாசமே இருக்காது, வித்தியாசம் இல்லன்னா கரண்டு உண்டாகாது, கரண்டு இல்லன்னா இழுவை இருக்காது, அதனால எப்பவுமே கொஞ்சம் பின்தங்கியேதான் ஓடணும், உராய்வும் சுமையும் கூடக்கூட இன்னும் பின்தங்கும். அவன் 'ஓ, அதான் தறில லோடு ஏறுனா சத்தம் மாறுதா'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். இப்படி பின்தங்கறதுக்குப் பேருதான் ஸ்லிப், பதிமூணு வருஷமா இத பாடம் நடத்துறேன், இவ்வளவு சுளுவா ஒரு நாளும் ஏறுனதில்ல.

டம்மி கவுன்சிலிங்

ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கு வேற வேலை குடுத்தோம். கம்ப்யூட்டர் லேப்ல உக்கார வச்சு, காலாண்டு அரையாண்டு மார்க்க வச்சு அவங்கவங்க கட்-ஆஃப போடச் சொன்னோம், கணக்கு 78, ஃபிசிக்ஸ் 64, கெமிஸ்ட்ரி 70னா 78 கூட்டல் 32 கூட்டல் 35, ஆக 145. அப்புறம் முந்தின வருஷ கட்-ஆஃப் லிஸ்ட்ட ஒரு எக்செல்ல போட்டுக் குடுத்து சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேணுங்கற காலேஜையும் படிப்பையும் வரிசையா போடறத பண்ண வச்சோம். முதல் ரவுண்டுல ஒரு பையன் மூணே மூணு காலேஜ் போட்டான், மூணும் 190க்கு மேல கேக்கற இடம், அவனுக்கு சீட்டே விழல. இது நெஜமான கவுன்சிலிங்லயும் வருஷா வருஷம் நடக்கறதுதான், எத்தன வேணா போடலாம், வரிசைதான் முக்கியம், மேல ஆசைப்படறது, நடுவுல கெடைக்க வாய்ப்புள்ளது, கீழ கட்டாயம் கெடைக்கறதுன்னு போடணும்னு ஒருத்தரும் சொல்லித் தர்றதில்ல. சீட்டு வந்ததுக்கு அப்புறம் ஏத்துக்கறேன்னு அமுக்கறதா, ஏத்துக்கறேன் ஆனா மேல கெடைச்சா மாறிக்கறேன்னு அமுக்கறதாங்கறதுல தப்பு பண்ணி நல்ல சீட்ட விட்டவங்க உண்டு. பிரவுசிங் சென்டர் அண்ணன் எத அமுக்கறாரோ அதுதான் நம்ம பிள்ளைங்க தலையெழுத்து.

இதுக்கு பக்கத்துல நிக்க ஸ்டாஃப போடல, 7.5%ல வந்து எங்ககிட்டயே படிச்சிட்டு இருந்த ஏழெட்டு பிள்ளைங்கள நிறுத்துனோம். அவங்க நாங்க சொல்லச் சொன்னத எதையும் சொல்லல. 'முதல் செமஸ்டர்ல எனக்கு மூணு அரியர்டா, இங்கிலீஷ்ல நடத்துனா ஒன்னும் புரியாது, பயப்படாத, யூட்யூப்ல தமிழ்ல பாத்துட்டு வந்து எழுது, ரெண்டாவது வருஷம் சரியாயிடும்'னு ஒரு அக்கா சொன்னத நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். முதல் பட்டதாரி சர்டிஃபிகேட், சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் பரீட்சை முடிஞ்ச உடனே இ-சேவைல போட்டு வச்சுக்கன்னு சொன்னதும் அவங்கதான். பிராஸ்பெக்டஸ்ல இதெல்லாம் வராது.

அந்த அக்கவுண்டன்ஸி பொண்ணு கேட்ட கேள்விக்கும் பதில் தயார் பண்ணி வச்சிருந்தோம், ஒரு வருஷம் லேட்டா. பிசிஏ பல காலேஜ்ல எந்த குரூப்புக்கும் குடுக்கறாங்க, அதுக்கப்புறம் எம்சிஏ ரெண்டு வருஷம். இன்னொன்னு ஐஐடி மெட்ராஸ் 2020ல தொடங்குன டேட்டா சயின்ஸ் ஆன்லைன் டிகிரி, இதுக்கு ஐஐடி நுழைவுத்தேர்வான ஜேஇஇ கிடையாது, ப்ளஸ் டூல எந்த குரூப்பா இருந்தாலும் பரவால்ல, பத்தாவதுல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருந்தா போதும், நாலு வாரப் பாடம் பாத்து தகுதித் தேர்வுல பாஸ் ஆனா உள்ள போயிடலாம், பரீட்சை மட்டும் நேர்ல போயி எழுதணும், குடும்ப வருமானத்தப் பொறுத்து ஃபீஸ்ல 75% வரைக்கும் சலுகை இருக்கு, வேற டிகிரி படிச்சிட்டே இதையும் படிக்கலாம். இத முதல் வருஷமே மேடைல உக்காந்திருந்த அஞ்சு பேர்ல ஒருத்தராவது சொல்லியிருக்கணும், கூகுள்ல அஞ்சு நிமிஷ வேலை. அந்தப் பொண்ணு நம்பர அதே ஸ்கூல் டீச்சர்கிட்ட வாங்கி பேசுனேன், பக்கத்து காலேஜ்ல பிகாம் சேந்திருந்துச்சு. லிங்க் அனுப்பினேன். தகுதித் தேர்வு முதல் தடவ போச்சு, ரெண்டாவது தடவ பாஸ், இப்ப பிகாமோட சேத்து அதையும் ஓட்டிட்டு இருக்கு, பைத்தான் புரோகிராம் எழுத வரும்போதெல்லாம் எனக்கு ஸ்கிரீன்ஷாட் வரும், பெரும்பாலும் இண்டெண்டேஷன் தப்புதான், வரி ஆரம்பத்துல விடற இடைவெளிய மாத்தி விட்டிருக்கும்.

தேறாதது

இத வெற்றிக் கதையா யாரும் எடுத்துக்க வேண்டாம். எண்ணிக்கையா ஒன்னும் நிரூபிக்க முடியாது, ஒரு ஸ்கூலு, ரெண்டு வருஷம், வராமப்போன பிள்ளைங்களோட ஒப்பிட்டுப் பாக்கவும் வழி இல்ல. வாட்ஸ்அப் குரூப்ல இருந்தவங்கள வச்சு சொல்றேன், பிஇ சேந்தவங்க உண்டு, பாலிடெக்னிக் போனவங்க உண்டு, டிப்ளமா முடிச்சா நேரா பிஇ ரெண்டாவது வருஷம் சேரலாம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்னு ரெண்டு பேரு சொன்னாங்க. எங்க காலேஜுக்கு வந்தது நாலு பேரு, மேனேஜ்மெண்டுக்கு அதுல வருத்தம், 'இவ்வளவு செலவு பண்ணி மத்த காலேஜுக்கு ஆள் புடிச்சுக் குடுத்திருக்கீங்க'ன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. தப்புன்னும் சொல்ல முடியாது, மெஸ் பில்லு அவங்கதான கட்டுனாங்க.

பெத்தவங்க விஷயத்துல நான் சுத்தமா கோட்ட விட்டேன். வந்த பத்துப் பன்னெண்டு பேரும் பெரும்பாலும் அம்மாக்கள், தறிக்கு லீவு போட்டுட்டு வந்தவங்க, ஒரு நாள் கூலி போச்சு. அவங்கள மறுபடியும் ஆடிட்டோரியத்துல உக்கார வச்சு பிளேஸ்மெண்ட் வீடியோ போட்டோம். பாதில ஒரு அம்மா எந்திரிச்சு வந்து எங்கிட்ட மெதுவா கேட்டாங்க, 'சார், லேப்பு எத்தன மணிக்குங்க முடியும்?' நாலரைன்னேன். 'எங்கூருக்கு டவுன் பஸ்ஸு நாலு இருவதுக்கு ஒன்னு, அத விட்டா ஏழு மணிக்குத்தானுங்க. பொம்பளப் புள்ளைய அந்த நேரத்துக்கு பஸ் ஸ்டாண்டுல எப்படிங்க நிக்க வக்கறது?'

எனக்கு பதில் தெரியல. ஹாஸ்டல் இருக்குங்கம்மா, அரசாங்கமே கட்டிடும்னு சொன்னேன், 'ஹாஸ்டலுக்கெல்லாம் அவங்கப்பா விடமாட்டாருங்க'ன்னாங்க. அந்த அம்மாவோட பொண்ணுக்கு கட்-ஆஃப் 170 பக்கம் வந்துச்சு, ஊருக்குப் பக்கத்துல இருக்கற ஆர்ட்ஸ் காலேஜ்ல பிஎஸ்சி மேத்ஸ் சேந்துச்சு. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருதாம். பிஎஸ்சி முடிச்சிட்டும் பிஇ ரெண்டாவது வருஷத்துக்கு வர வழி இருக்கு, அதையும் சொல்லி வச்சிருக்கேன்.

இந்த வருஷத்துக்கு ஸ்கூலுக்கு லெட்டர் அனுப்பியாச்சு, ஒம்போதாவது பத்தாவதுக்கு ஒரு பஸ், ப்ளஸ் டூல எந்த குரூப் எத்தன பேருன்னு தனித்தனியா கேட்டிருக்கோம். பெத்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமை தனியா ஒரு நாள், அன்னிக்கு தறி ஓடாது. லேப் டைம முக்கா மணி நேரம் முன்னாடி தள்ள முடியுமான்னு டைம்டேபிள் கமிட்டில கேட்டிருக்கேன், டிப்போ மேனேஜருக்கும் அந்த நாலு இருவது பஸ்ஸ நாலு அம்பதுக்கு விட முடியுமான்னு ஒரு மனு போட்டிருக்கேன். டிப்போல இருந்து இன்னும் பதில் வரல.